களிம்பு கற்பித்த பாடம்

உலகில் மக்கள் அடையும் இன்னல்களுட் பல, பெரிய காரணங்களால் விளைவன அல்ல. கூரையில் ஓர் ஓடு விலகியிருப்பதைக் கண்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவன், மழைக்காலத்தில் வீடு முழுதும் நனையக் காண்கின்றான். வரப்பில் நண்டு தோண்டிய வளையை அடைக்காத உழவன், பாய்ச்சிய நீரெல்லாம் அடுத்த வயலுக்கு வடிந்துபோகக் காண்கின்றான். அத்தகைய சிறுமையொன்றைப் பற்றியே யான் இங்கு எழுதப் புகுகின்றேன். மோட்டார் வண்டியின் பாட்டரி முனைகளிற் பூத்துக் கிடக்கும் வெண்மையும் நீலமுமான பொடியே அது. "இலக்கியமும் சமயமும் வரலாறும் இருக்க, கம்மியர் கொட்டிலிலுள்ள அழுக்கைப் பற்றியோ நம் கலாசாலைச் சஞ்சிகையில் எழுதுவது?" என்று அன்பர் சிலர் நகைக்கக் கூடும். யானும் ஒரு காலத்தில் அவ்வாறே நகைத்திருப்பேன். ஆனால் அவ்வழுக்கு ஓரிரவில் என் அன்னையாரின் உயிரோடு விளையாடியது. அதன் பின்னர் அதனைச் சிறு பொருளென்று எண்ண என் மனம் ஒருப்படவில்லை.

யான் 1986ஆம் ஆண்டு முதல் 1989ஆம் ஆண்டு வரை நமது கலாசாலையிற் பௌதிக சாஸ்திரம் பயின்றவன். அக்காலத்தில் ஆய்வுக்கூடத்தின் வடகோடியில், ஒரு நீண்ட மரப்பலகையின்மேல், காரீயத் தகடுகள் அமிழ்ந்த சேமக்கலங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். காரீயமும் கந்தகத் திராவகமும் கொண்டு மின்சாரத்தைச் சேமித்து வைக்கலாம் என்பதை 1859ஆம் ஆண்டிற் கண்டுபிடித்தவர் காஸ்டன் பிளாண்டே என்னும் பிரெஞ்சு அறிஞர் என்றும், 1881ஆம் ஆண்டிற் காமில் ஃபோர் என்பவர் காரீயத் தகடுகளின்மேற் பசை போன்ற பூச்சினை இட்டு அதனை மிகுந்த பயனுடையதாக்கினார் என்றும் ஆசிரியர் கற்பித்தார். அவற்றையெல்லாம் யான் பிழையின்றி எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். ஓம் என்பாரின் விதியைக் கொண்டு எத்தனையோ கணக்குகள் செய்தேன். ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் மாலைதோறும் அக்கலங்களின் முனைகளை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, அவற்றின்மேல் விரல் நுனியால் வாசலின் தடவுவார். தடவும்பொழுது குழந்தையின் காயத்திற்கு மருந்திடுபவர் போலத் தோன்றுவார். மாணவராகிய எமக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவரிடம் சென்று, "ஐயா, இதனை ஏன் செய்கின்றீர்கள்?" என்று எம்முள் ஒருவரேனும் வினவியதில்லை. வினவியிருந்தால் இக்கட்டுரைக்கு இடமே இராது.

என் தந்தையார் பள்ளியாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1994ஆம் ஆண்டில், பிறர் ஓட்டிய மோட்டார் வண்டியொன்றைச் சிக்கனமாகச் சேர்த்த பொருளைக் கொண்டு வாங்கினார். மாதந்தோறும் முதற் சனிக்கிழமை மாலையில், மறுநாள் ஆராதனைக்குச் செல்வதற்கு வண்டியை ஆயத்தம் செய்வார். அப்பொழுது என் அன்னையாரிடம் ஒரு செம்பு வெந்நீரும் சிறிது ஆப்பச் சோடாவும் கேட்பார். "ஆப்பத்திற்கு வாங்கி வைத்ததை வண்டிக்குத் தின்னக் கொடுக்கின்றீர்களே!" என்று அன்னையார் கடிந்துகொண்டே எடுத்துக் கொடுப்பார். விடுமுறையில் யான் வீட்டிலிருந்தால் செம்பினைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை. நின்றேனேயன்றி நோக்கினேனல்லேன். தந்தையாரும் தாமே செய்தாரேயன்றி, "இதனைக் கற்றுக்கொள்" என்று ஒருநாளும் என்னை வற்புறுத்தவில்லை. பௌதிக சாஸ்திரப் பட்டம் பெற்ற மகனுக்கு இதனைக் கற்பிப்பது மிகை என்று அவர் கருதியிருத்தல் வேண்டும்.

2016ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். வண்டி என் கைக்கு வந்தது. அவர் நினைவாக அதனை வாரந்தோறும் கழுவினேன், மெழுகிட்டுத் துலக்கினேன். தெருவிற் செல்வோர், "தகப்பனார் வைத்திருந்ததைவிடப் பளபளப்பாக வைத்திருக்கின்றீர்கள்" என்று புகழ்ந்தபொழுது உள்ளம் குளிர்ந்தேன். ஆனால் பானெட்டைத் திறந்து பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்திற் புதிய பாட்டரி ஒன்று வாங்கிப் பொருத்துவித்தேன். ஏழெட்டு மாதங்கள் சென்றபின், கண்ணாடி துடைக்கும் நீரை நிரப்புவதற்காக ஒருநாள் பானெட்டைத் திறந்தேன். பாட்டரியின் ஒரு முனையில் வெண்பூஞ்சை போல ஏதோ படர்ந்திருந்தது. அதன் ஓரத்தில் மயிற்கழுத்து நிறம் தோன்றிற்று. "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று மூடிவிட்டேன்.

அவ்வாண்டு டிசம்பர் மாதம் இரண்டாம் வாரத்தில், இரவு ஒரு மணியளவில், என் அன்னையாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. படுக்க இயலாமற் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பவர் போல இழுத்தார். அவசர ஊர்தியை அழைத்து அது வந்து சேர்வதற்குள் நாமே மருத்துவமனைக்குச் சென்றுவிடலாம் என்று யான் முடிவு செய்தேன். அன்னையாரைத் தாங்கிவந்து வண்டியின் பின்னிருக்கையில் அமர்த்தினோம். என் மனையாள் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். யான் சாவியைத் திருப்பினேன். "டிக்" என்று ஓர் ஒலி கேட்டது. அவ்வளவே. மீண்டும் திருப்பினேன், மீண்டும் அதே ஒலி. முகப்பு விளக்குகள் சுவரின்மேல் நன்றாக ஒளி வீசின. ஆகவே பாட்டரியில் மின்சாரம் இருக்கின்றது என்று எண்ணி, அறிவு மயங்கி, மேலும் மேலும் சாவியைத் திருப்பினேன். பின்னிருக்கையிலிருந்து வந்த மூச்சொலி என் பிடரியிற் பட்டுக்கொண்டிருந்தது.

ஒலி கேட்டு அடுத்த வீட்டு அண்ணாச்சி எழுந்து வந்தார். அவர் டிராக்டர் ஓட்டுபவர். என்னினும் பத்தாண்டு மூத்தவர். பானெட்டைத் திறக்கச் சொல்லி, விளக்கொளியில் ஒரு கணம் நோக்கினார். "தம்பி, பாட்டரி சாகவில்லை. வழிதான் அடைபட்டிருக்கின்றது. ஒரு செம்பு வெந்நீர் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்று கூறித் தம் வீட்டிலிருந்து ஸ்பானர் கொணர்ந்தார். பூத்திருந்த முனையை விட்டு, தூய்மையாக இருந்த மற்றொரு முனையையே அவர் முதலிற் கழற்றத் தொடங்கினார். "அண்ணாச்சி, அது நன்றாகத்தானே இருக்கின்றது! இதனைக் கழற்றுங்கள், நேரம் போகின்றது!" என்று கத்தினேன். அவர் நிமிராமலே, "அவசரம் என்றால்தான் தம்பி முறை வேண்டும்" என்றார். பின்னர்ப் பூத்திருந்த பிடியைத் தளர்த்தி, வெந்நீரை மெல்ல ஊற்றினார். பொடி கரைந்தும் உதிர்ந்தும் ஓடிற்று. பிடியை இடமும் வலமுமாகப் பன்முறை திருகிச் சுரண்டி, துணியால் துடைத்து, இறுக முடுக்கினார். கடைசியில் மற்றைய முனையையும் பூட்டிவிட்டு, "இப்பொழுது திருப்புங்கள்" என்றார். எஞ்சின் ஒரே முறையில் உயிர் பெற்றது.

முதலிற் சாவியைத் திருப்பியதற்கும் வண்டி புறப்பட்டதற்கும் இடையே இருபத்தைந்து நிமிடங்கள் கழிந்திருந்தன. அன்னையாரின் நுரையீரலில் நீர் கோத்திருந்தது என்று மருத்துவர் கூறினார். "இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால்..." என்று தொடங்கி, என் முகத்தை நோக்கி நிறுத்திக்கொண்டார். அன்னையார் ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்து, இறைவன் அருளால் வீடு திரும்பினார்.

இது நிற்க. என் பேதைமை இத்துடன் முடியவில்லை. அன்னையார் ஆபத்து நீங்கிய நான்காம் நாள், பாட்டரி விற்ற கடைக்கு யான் சினத்தோடு சென்றேன். "ஓராண்டு கூட உழைக்காத பாட்டரியை விற்றீர். உம்மால் என் தாயை இழக்க இருந்தேன்" என்று நாலு பேர் நடுவில் அக்கடைக்காரரை இகழ்ந்தேன். அவர் ஒரு மறுமொழியும் கூறாமல் மின்னளவைக் கருவியை எடுத்துக்கொண்டு வண்டியண்டை வந்தார். முதலிற் பாட்டரியின் இரு முளைகளிலும் கருவியின் ஊசிகளை வைத்தார். 12.6 வோல்ட்டுக் காட்டிற்று. "சார், ஆறு கண்ணறைகள், ஒன்றுக்கு 2.1 வோல்ட்டு. பாட்டரி நிறைந்திருக்கின்றது" என்றார். அடுத்து ஓர் ஊசியைப் பாட்டரியின் காரீய முளையிலும், மற்றோர் ஊசியை அம்முளையைக் கவ்வியிருந்த பிடியிலும் வைத்துக்கொண்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு இடையே ஏறக்குறைய ஒன்றுமே காட்டலாகாது. ஆனால் கருவி ஒரு வோல்ட்டுக்கு மேற் காட்டிற்று. அண்ணாச்சி அவசரத்திற் சுரண்டியது போக, எஞ்சிய களிம்பின் வேலை அது. "அன்றிரவு இதனைப் போல மூன்று நான்கு மடங்கு இருந்திருக்கும்" என்று மட்டும் அவர் கூறினார். யான் வாய் திறவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிழை என்னுடையது என்று அறிந்தும், அதனை அவர்முன் ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் பிடித்தது. மூன்றாம் நாள் சென்று, அன்று இருந்த அந்த நாலு பேரில் இருவர் இருக்கும் வேளை பார்த்தே மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து, எனக்குத் தேநீர் வருவித்துக் கொடுத்து, முனைகளைத் துலக்கும் முறையைத் தாமே செய்து காட்டினார்.

இனி, அக்களிம்பு தோன்றுவது எவ்வாறு, அது செய்யும் தீங்கு யாது, அதனைப் போக்கும் வழி யாது என்பவற்றைச் சுருங்கக் கூறுவேன்.

பாட்டரியினுள் இருப்பது நீர் கலந்த கந்தகத் திராவகம். மின்சாரம் நிறைந்துள்ளபொழுது அது நீரைவிட ஏறத்தாழ 1.28 மடங்கு கனமுடையது. எஞ்சின் ஓடும்பொழுது பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டப்படுகின்றது. ஊட்டம் நிறைந்தபின்னும் அது தொடருமாயின், உள்ளேயுள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் வாயுக்கள் எழுகின்றன. கொதிக்கும் உலையிலிருந்து ஆவியோடு சிறு துளிகளும் தெறிப்பது போல, அவ்வாயுக்களோடு திராவகத்தின் நுண்துளிகளும் மூச்சுத் துளைகளின் வழியே வெளியேறுகின்றன. முளையும் மூடியும் சேருமிடத்தில் வெடிப்பு இருப்பின் அதன் வழியாகவும் திராவகம் கசியும். வெளிப்போந்த திராவகம் காரீயத்தைத் தாக்கினால் வெண்ணிறப் பொடி உண்டாகும். கம்பியிலும் பித்தளைப் பிடியிலும் உள்ள செம்பைத் தாக்கினால், நீலமும் பசுமையும் கலந்த பொடி உண்டாகும். இந்நீலப் பொடி நமக்குப் புதியதன்று. தோட்டக்காரர் சுண்ணாம்போடு கலந்து பயிர்களுக்குத் தெளிக்கும் மயில்துத்தமே அது. அதிக ஊட்டம், அளவுக்கு மீறி நீர் ஊற்றுதல், தளர்ந்த பிடி, வெடித்த மூடி ஆகிய இவை களிம்பினை விரைவில் வளர்ப்பன. நீர் ஊற்ற வேண்டாத மூடிய பாட்டரிகளில் இது குறைவேயன்றி இல்லையென்று சொல்லுதற்கில்லை.

விளக்கு எரிந்தும் எஞ்சின் சுழலாதது ஏன்? இக்கேள்விக்குரிய விடையை யான் முப்பதாண்டுகளுக்கு முன்னரே என் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். எஞ்சினைச் சுழற்றித் தொடங்கும் மோட்டாரை, கம்மியர் செல்ஃப் மோட்டார் என்பர். முற்காலத்தில் இரும்புக் கைப்பிடி கொண்டு எஞ்சினைச் சுழற்றவேண்டியிருந்தது. சார்லஸ் கெட்டரிங் என்பார் அமைத்த மின் மோட்டார் 1912ஆம் ஆண்டிற் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்ற பின்னரே அவ்வருத்தம் நீங்கலாயிற்று. இம்மோட்டார் வேலை செய்யும் சில விநாடிகளில் 150 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை வேண்டி நிற்கும். முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து வேண்டுவதோ ஏறக்குறைய 10 ஆம்பியர். களிம்பினால் முனையில் 0.03 ஓம் தடை உண்டாயிற்று என்று கொள்வோம். பத்து ஆம்பியர் செல்லும்பொழுது அவ்விடத்தில் இழக்கப்படுவது 0.3 வோல்ட்டு, விளக்கு அதனை உணரவும் மாட்டாது. ஆனால் 150 ஆம்பியர் செல்லவேண்டுமாயின் 4.5 வோல்ட்டு அவ்விடத்திலேயே அழிந்துவிடும். எஞ்சிய அழுத்தத்தைக் கொண்டு மோட்டார் எஞ்சினைச் சுழற்ற இயலாது. ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பேர் தடையின்றிச் செல்வர். தேர் செல்ல முடியாதன்றோ? அதுபோன்றதே இதுவும். சாதாரண வேளையில் குற்றம் மறைந்திருந்து, பெருந்தேவை வந்தவிடத்து வெளிப்படுவது இதன் இயல்பு.

இனித் துலக்கும் முறை. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். கைவிரல் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்து, இரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிதல் நன்று. பாட்டரியண்டை பீடியோ தீக்குச்சியோ எக்காரணத்தாலும் கூடாது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் கலந்திருந்தாலும் ஒரு பொறியினால் அது பற்றிக்கொள்ளும்.

முதலிற் கழற்ற வேண்டியது எதிர்முனை, அதாவது வண்டியின் உடலோடு இணைக்கப்பட்ட எர்த்து முனை. அண்ணாச்சி அவ்விரவிற் கடைப்பிடித்த முறை இதுவே. வண்டியின் இரும்புடல் முழுதும் எதிர்முனையோடு சேர்ந்தது. ஆகையால், எதிர்முனையைக் கழற்றாமல் நேர்முனையில் ஸ்பானரைப் போட்டுத் திருப்பும்பொழுது, அதன் மறுநுனி உடலிற் பட்டுவிட்டால், பாட்டரியின் மின்சாரம் முழுதும் ஸ்பானரின் வழியே பாயும், தீப்பொறி பறக்கும், கை வெந்துபோகும், பாட்டரி வெடித்தலும் கூடும். எதிர்முனையை முதலிற் கழற்றிவிட்டால் இவ்வபாயம் இல்லை. மீண்டும் பூட்டும்பொழுது இம்முறை தலைகீழாகும்: நேர்முனை முதலில், எதிர்முனை இறுதியில். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் முனைகளின் அருகிற் பொறிக்கப்பட்டிருக்கும்; அவற்றைப் பார்த்தே கை வைக்கவேண்டும்.

பிடிகளைக் கழற்றியபின், பாட்டரியின் மூடிகள் நன்றாக இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து, பழைய பல்துலக்கியால் முனைகளிலும் பிடிகளிலும் தடவவேண்டும். உடனே நுரை பொங்கும். திராவகமும் சோடாவும் ஒன்றையொன்று மாய்த்துக் கரியமிலவாயுவாக வெளியேறும் நுரை அது. நுரை அடங்கினால் அங்கே திராவகம் இல்லை என்று அறியலாம். இச்சோடா நீர் ஒரு துளியும் பாட்டரியினுள்ளே புகலாகாது. புகுந்தால் உள்ளேயிருக்கும் திராவகத்தையும் அது மாய்த்துவிடும். பின்னர்த் தூயநீரால் கழுவித் துணியால் ஒற்றி உலர்த்தவேண்டும். முளையின் வெளிப்புறத்தையும் பிடியின் உட்புறத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, காரீயத்தின் ஒளிரும் சாம்பல் நிறம் தோன்றச் செய்தல் வேண்டும். உலர்ந்த பொடியை ஊதுதலும் சுரண்டிப் பறக்கவிடுதலும் தவறு. அது காரீயம் கலந்த நஞ்சு. ஆகையால் நனைத்தே துலக்கி, வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். திராவகம் கண்ணிற் பட்டுவிட்டால், குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நீரால் இடைவிடாது கழுவியபின் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

பிடிகளைக் கையால் அசைக்க அசையாதபடி முடுக்கியபின், வெளிப்புறம் முழுதும் வாசலினை மெல்லிதாகப் பூசவேண்டும். உலோகம் உலோகத்தைத் தொடவேண்டிய இடம் உள்ளே. காற்றும் ஈரமும் திராவகத் துளியும் புகாமற் காக்கவேண்டிய இடம் வெளியே. இவ்விரண்டையும் மயங்காது அறிந்துகொண்டால் வேலை எளிது. எண்ணெய் தோய்ந்த கம்பள வளையங்கள் கடைகளிற் கிடைக்கும். அவற்றை முளையினடியில் இடுவதும் நன்மை தரும். பாட்டரி தன் இருக்கையில் ஆடாமற் கட்டப்பட்டிருத்தல் வேண்டும். ஆட்டத்தினால் முளையின் அடி வெடித்துத் திராவகம் கசியும். நீர் ஊற்றும் பாட்டரியாயின், வாலைநீரைத் தகடுகள் மூழ்கும் அளவுக்குக் குறியறிந்து ஊற்ற வேண்டுமேயன்றி, கழுத்து வரை நிரப்புதல் கூடாது. இவ்வளவும் செய்தும் களிம்பு மீண்டும் மீண்டும் விரைந்து தோன்றுமாயின், குற்றம் வேறிடத்தில் உள்ளது. எஞ்சின் ஓடும்பொழுது பாட்டரியின் அழுத்தம் ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் நிற்கின்றதா என்று அளந்து பார்க்கச் செய்யவேண்டும். ஆயுள் முடிந்த பாட்டரியைக் குப்பையில் எறியாது கடைக்காரரிடமே திரும்பக் கொடுத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டில் இந்திய அரசினர் இயற்றிய பாட்டரிக் கழிவு விதிகளின் நோக்கமும் அதுவே.

வேலை முழுதுக்கும் அரைமணி நேரம் போதும். செலவு ஒரு கரண்டி ஆப்பச் சோடா. இதனைச் செய்யாமையால் யான் இழக்க இருந்தது எது என்பதை முன்னரே கூறினேன்.

சைவ சித்தாந்த நூலார், உயிரைப் பற்றிய மலத்திற்குச் செம்பிற் களிம்பினை உவமை கூறுவர் என்று நம் தமிழாசிரியர் வகுப்பிற் சொல்லக் கேட்டிருக்கின்றேன். செம்பு உள்ள அன்றே களிம்பும் உடனுள்ளது என்பது அவர் கருத்து. அவ்வாழ்ந்த பொருளில் நுழையும் தகுதி எனக்கில்லை. ஆனால் பாட்டரி முனையிற் கண்ட களிம்பு உடன்பிறந்ததன்று. துடைக்க வேண்டியவன் துடையாது விட்ட நாள்களின் கணக்கு அது. மனிதருக்குள் உள்ள இணைப்புகளிலும் இத்தகைய களிம்பு படிகின்றது. அன்றாட உரையாடலும் புன்சிரிப்பும் விளக்குப் போல எரிந்துகொண்டேயிருக்கும். ஆகவே எல்லாம் செவ்வையாக உள்ளன என்று எண்ணியிருப்போம். ஒருவர்க்கொருவர் பெரிதும் வேண்டியவராகும் நாளிலேதான், இடையே எவ்வளவு தடை வளர்ந்திருந்தது என்பது தெரியவரும். அந்நாளில் வெந்நீரோடு ஓடிவரும் அண்ணாச்சி எல்லார்க்கும் வாய்ப்பாரென்று சொல்ல முடியாது.

மருத்துவமனையை விட்டுப் புறப்படும் நாளில், வண்டியில் ஏறியமர்ந்த அன்னையார், யான் சாவியைத் திருப்புவதை உற்று நோக்கினார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், "அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை வெந்நீர் கேட்பாரே, நினைவிருக்கின்றதா?" என்று மட்டும் மெல்லக் கேட்டார். அதில் ஒரு சிறிதும் கடிதலில்லை. ஆயினும் அவ்வொரு சொல்லின்முன் என் பட்டமும் மதிப்பெண்களும் தலைகுனிந்தன. வீடு சேர்ந்த முதற் சனிக்கிழமையே வெந்நீர் கேட்டேன். "ஆப்பத்திற்கு வைத்திருக்கின்றேன், முழுதையும் கொட்டிவிடாதே" என்று படுக்கையிலிருந்தே எச்சரித்தார். அதன்பின் ஏறக்குறைய மூன்றாண்டுகள் ஒவ்வொரு மாதமும் அவ்வெச்சரிக்கையைக் கேட்கும் பேறு எனக்குக் கிடைத்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இப்பொழுது என் மகள் செம்பினைப் பிடிக்கின்றாள். ஆனால் அவளைப் பக்கத்தில் வெறுமே நிற்க விடுவதில்லை. ஸ்பானரை அவள் கையிற் கொடுத்து, "எந்த முனையை முதலிற் கழற்ற வேண்டும்? ஏன்?" என்று கேட்கின்றேன். முதல் முறை பிழையாகச் சொன்னாள். இப்பொழுது எனக்கே சொல்லிக் கொடுக்கின்றாள். வண்டியோ கிழடாகிவிட்டது. இன்னும் எத்தனை ஆண்டு ஓடுமோ அறியேன்.

நம் ஆய்வுக்கூடத்தில் இன்றும் யாரேனும் ஒருவர் மாலை வேளையிற் கருவிகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருப்பார். அங்கே பயிலும் இளைஞர்கட்கு யான் கூறிக்கொள்வது ஒன்றே. விதியும் சமன்பாடும் கற்றுத் தேறுங்கள், அவை மெய்யே, அவ்விரவில் நிகழ்ந்ததை எனக்குப் பின்னர் விளங்க வைத்தவை அவையே. ஆனால் அந்த மனிதரிடமும் ஒருநாள் சென்று, "ஐயா, இதனை ஏன் செய்கின்றீர்கள்?" என்று கேளுங்கள்.